இதயத்துக்குள் போகும் பம்பும் கோவைப் பட்டறையும்: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கும் தங்கள் மகள், கல்லூரிக்கு வரும் மென்பொருள் நிறுவனங்களின் தேர்வுக்குப் பெயர் கொடுக்க மறுத்து, கதீட்டர் என்னும் மெல்லிய குழாய் வழியே இதயத்துக்குள் செலுத்தும் பம்புகளைத் தயார்செய்யும் கருவிகளை வடிவமைக்கப் போவதாகச் சொல்வதால் கலங்கி எழுதியிருக்கிறீர்கள். இப்படியும் ஒரு வேலை உண்டா என்று கேட்கிறீர்கள். உண்டு. பீளமேட்டில் பம்புசெட் பட்டறை நடத்தும் தங்களுக்கு மற்ற பெற்றோரைவிட அது எளிதாகவே விளங்கும்.

மாரடைப்பால் இதயம் தளர்ந்துவிட்ட நோயாளிக்குத் தொடைத் தமனி வழியாக ஒரு சிறு பம்பை இடது கீழறைக்குள் கொண்டுபோய் வைத்து, சில மணி நேரமோ சில நாட்களோ இதயத்தின் சுமையைக் குறைக்கிறார்கள். இம்பெல்லா சிபி என்னும் பம்பின் பருமன், கதீட்டர்களை அளக்கும் பிரெஞ்ச் என்னும் அலகில் 14, அதாவது 5 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதன் இம்பெல்லர், அதாவது ரத்தத்தைத் தள்ளும் இறக்கைச் சக்கரம், நிமிடத்துக்கு 46,000 சுற்று வரை சுழலும். டென்மார்க், ஜெர்மனி, பிரிட்டன் ஆகிய நாடுகளில் நடந்து 2024-இல் வெளியான டேஞ்சர் ஷாக் ஆய்வில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 58.5 சதவீதத்தினர் 180 நாட்களுக்குள் இறந்திருக்க, இந்தப் பம்பு பொருத்தப்பட்டவர்களில் அது 45.8 சதவீதமாக இருந்தது. ஆனால் ரத்தக்கசிவும் காலுக்கு ரத்தம் போகாமல் தடைபடுவதும் பம்பு வைத்தவர்களிடம் அதிகம். ஆகவேதான், மெலிதாக உள்ளே போய், போனபின் விரியும் பம்புகளை உருவாக்க முயல்கிறார்கள்.

தங்கள் மகள் சொல்லும் கருவிக்கு இங்கேதான் வேலை. விரியும் பம்பின் கூண்டு நிட்டினால் என்னும் நிக்கல்-டைட்டானியம் உலோகக் கலவைக் கம்பியால் ஆனது; மடித்தாலும் பழைய வடிவத்துக்கு மீளும். இம்பெல்லரின் இறக்கைகள் வளையும் பாலிமரால் ஆனவை. மாதக்கணக்கில் மடித்தே வைத்திருந்தால் பாலிமர் அந்த வடிவத்திலேயே படிந்துவிடக்கூடும் என்பதால், சிகிச்சை மேசையருகே கடைசி நேரத்தில் மடித்து உறைக்குழாய்க்குள் ஏற்றுவதே நல்லது. படிப்படியாகக் குறுகும் ஒரு புனலுக்குள், உப்புநீரில் அமிழ்த்தியபடி, எல்லாப் பக்கமும் ஒரே அளவாக அழுத்தி இழுக்க வேண்டும். ஒரு கம்பி மற்றொன்றின் மேல் ஏறினாலும் மேலுறை கிழிந்துவிடும். அதையும் ஈரக் கையுறை அணிந்த ஒருவர், நோயாளியின் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் செய்தாக வேண்டும். தங்கள் பம்பில் காற்றுப் பிடித்தால் தண்ணீர் ஏறாது, அவ்வளவுதான். இங்கே ஒரு குமிழி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

ஆகவே பயோமெடிக்கலுக்கு மாற வேண்டுமா என்ற தங்கள் கேள்விக்கு, வேண்டாம் என்பதே என் பதில். மெக்கானிக்கலே இதற்குச் சரியான அடித்தளம். அதன்மேல் பாலிமர், திரும்பத் திரும்ப வளைவதால் உலோகம் தளரும் உலோகக் களைப்பு, மருத்துவக் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 13485 தர முறைமை, ஐஎஸ்ஓ 14971 இடர் மேலாண்மை ஆகியவற்றைக் கற்கட்டும். மேற்படிப்புக்கு, சென்னை ஐஐடி, வேலூர் சிஎம்சி, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் மூன்றும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் என்ஜினியரிங் எம்.டெக் படிப்பையே முதலில் சொல்வேன். மருத்துவமனைக்குள் நின்று கற்கும் வாய்ப்பு அதில் உண்டு. அதில் சேர எழுத வேண்டிய கேட் நுழைவுத் தேர்வுக்கு இப்போதே தொடங்க வேண்டும். இம்பெல்லாவின் வேர் இருக்கும் ஜெர்மனியின் ஆகன் நகரும் நல்ல இடம்தான். ஆனால் அந்நாட்டிலும் சில ஆங்கிலவழிப் படிப்புகளுக்குக் கட்டணம் உண்டு என்பதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இதயப் பம்பு மட்டுமே என்று பிடிவாதம் பிடித்தால் நம் நாட்டில் இடங்கள் மிகக் குறைவு. தொடக்கச் சம்பளமும் மென்பொருளுக்கு ஈடாகாது. ஆனால் மடித்து ஏற்றும் இதே திறன், அடைபட்ட ரத்தக் குழாயை விரித்து வைக்கும் ஸ்டென்ட்டுக்கும் கதீட்டர் வழி வால்வுக்கும் வேண்டும். குஜராத்தின் வாப்பியில் மெரில் நிறுவனம் தயாரிக்கும் மைவால் வால்வையும் பலூன்மேல் சுருக்கித்தான் ஏற்றுகிறார்கள்.

முடிவெடுக்கும் முன், இந்த விடுமுறையில் தங்கள் லேத்திலேயே அவர் ஓர் அக்ரிலிக் புனலைக் கடைந்து, மெல்லிய கம்பிக் கூண்டு ஒன்றை நீருக்கடியில் இருபது முறை மடித்து ஏற்றி, எத்தனை முறை கம்பி குறுக்கே ஏறியது, எங்கே குமிழி தங்கியது என்று குறித்துக்கொண்டு வரட்டும். அந்தக் குறிப்பேட்டுடன் இருவரும் வாருங்கள். மேற்கொண்டு அப்போது பேசுவோம்.