பதில்: கிளீனர் நின்னுட்டார், நானே ட்ரெய்லர்ல ஏறிடலாமா?

தங்கச்சி, கங்கைகொண்டான்ல மெஷின் ஏத்தி நாக்பூர் போற ட்ரெய்லர், கிளீனர் நின்னுட்டார், வீட்டுக்காரர் கூட நீங்களே போனா ராத்திரி பயமா இருக்குமான்னு கேட்டிருக்கீங்க. தாராளமா போங்க. நானும் எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் ஓடுறோம். ராத்திரி பெரிய பங்க்ல, வெளிச்சத்துல நிறுத்துங்க, போதும்.

நீங்க கேக்காத ஒண்ணுதான் முக்கியம். சரக்கு வண்டியில சும்மா கூட வர்றவங்களுக்கு மூன்றாம் நபர் காப்பீடு பணம் தராது. உச்ச நீதிமன்றமே அப்படிச் சொல்லியிருக்கு. சம்பளத்துக்கு வேலை பாக்குற கிளீனர் கதை வேற. அதனால முதலாளிகிட்ட உங்க பேரை வேலைக்காரராப் பதிஞ்சு, பாலிசியில கிளீனருக்கும் பிரீமியம் கட்டச் சொல்லுங்க. "வீட்டம்மாதானே, எதுக்கு"ம்பாங்க, விடாதீங்க. சொந்த வண்டின்னா தனியா ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துருங்க.

கயத்தாறு வந்ததும் இறங்கி, மெஷினைக் கட்டியிருக்கிற செயினைத் தட்டிப் பாருங்க. கொஞ்ச தூரம் ஓடினதும் லோடு அமர்ந்து கட்டு தளரும். ஆடிக் காத்துல தார்ப்பாய் ஓரம் பிரிஞ்சா கிழிச்சிட்டுப் போயிரும். அப்புறமும் டீக்கு நிக்கிற இடமெல்லாம் பாக்கணும்.

கழிவறைக்குப் பயந்து தண்ணி குடிக்காம இருக்காதீங்க. பங்க்ல பூட்டியிருந்தா சாவி கேட்டு வாங்குங்க.

ஸ்டியரிங் பிடிக்க ஆசைன்னா, கார் லைசென்ஸ் எடுத்து 1 வருஷம் ஆனாத்தான் கனரக வண்டிக்கு எல்.எல்.ஆர். கிடைக்கும். அதுவரைக்கும் காலி ரோட்டுல கூட வேண்டாம்.