முதலில் அந்த வகுப்பில் போய் உட்காருங்கள்

அன்புள்ள ஐயா,

நெடுங்காலமாக ஒரே பெரிய பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். இந்த ஆண்டு மூன்று புது ஆசிரியர்களுக்கு வழிகாட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் என் பள்ளிதான். இன்னொருவருக்கு ஒரே அறையில் ஐந்து வகுப்பு. மூன்றாமவரின் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டு மொழி வேறு. என் பாடக்குறிப்புகளை மூவருக்கும் கொடுத்தேன். முதலாமவரைத் தவிர யாருக்கும் உதவவில்லை. என்ன செய்யலாம்?

ம.

அன்புள்ள ம.,

குறிப்பை எடுத்து வைத்துவிட்டு அந்த வகுப்புகளில் போய் உட்காருங்கள். கடைசி வரிசையில், ஒரு முழுப் பாடவேளை, வாய் திறக்காமல்.

ஐந்து வகுப்பு அறையில் ஆசிரியரைப் பார்க்காதீர்கள். அவர் மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் சொல்லிக்கொடுக்கும்போது மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதி முடித்த சிலேட்டை நீட்டியபடி நின்றுகொண்டே இருக்கும். நான்காம் வகுப்பு வேலையை முடித்துவிட்டுப் பேச ஆரம்பித்திருக்கும். கழித்தலை எப்படி விளக்குவது என்பது அங்கே பிரச்சினையே இல்லை. ஆசிரியரைக் கேட்காமலே பிள்ளைகள் அடுத்த வேலையை எடுத்துக்கொள்ள ஓர் ஏற்பாடு வேண்டும். பெரிய பிள்ளைகள் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பழக வேண்டும். பெரிய பள்ளியிலேயே இருந்த உங்களுக்கு இது பழக்கமிராது. அப்படிப் பல ஆண்டு நடத்தியவர் ஒருவரைத் தேடி இவரை அவரிடம் சேர்த்துவிடுங்கள். அதுவும் வழிகாட்டல்தான்.

மூன்றாமவர் வகுப்பில், கேள்விக்குப் பின் எத்தனை விநாடி பொறுக்கிறார் என்று எண்ணுங்கள். ஆசிரியர்கள் சுமார் 1 விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று 1970களில் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டறிந்தார். 3 விநாடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன, பதிலில்லாத மௌனம் குறைந்தது. கேள்வியைத் தன் மொழிக்கு மாற்றி யோசிக்கும் பிள்ளைக்கு அதற்கு மேலும் வேண்டும். எண்ணிய கணக்கை அப்படியே அவரிடம் காட்டுங்கள். தீர்ப்பு வேண்டாம்.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்வேன்: மதிப்பிடும் வேலையை ஏற்காதீர்கள். இங்கிலாந்தில் 2021 முதல் புது ஆசிரியருக்கு 2 ஆண்டு வழிகாட்டல் உண்டு. வழிகாட்டுபவரும் மதிப்பிடுபவரும் தனித்தனிப் பொறுப்பு. முதலாண்டில் பாடவேளையும் 10% குறைவு. தன்னைப் பற்றி மேலே எழுதப்போகும் ஆளிடம் யாரும் 'வகுப்பு கையில் நிற்கவில்லை' என்று சொல்லமாட்டார்கள். தலைமையாசிரியரிடம் இதை இப்போதே பேசிவிடுங்கள். போய்வரப் பாடவேளை ஒதுக்கவும் கேளுங்கள். உங்கள் பள்ளிக்காரரின் வகுப்பையும் விட்டுவிடாதீர்கள். குறிப்பு உதவியது என்று அவர் மரியாதைக்குச் சொல்லியிருக்கலாம்.