யூதப் பள்ளியில் புது ஹெட்: எதை யாரிடம் கேட்பது?

கேள்வி: வட லண்டனில் ஒரு யூதத் தொடக்கப் பள்ளியில் பல வருடமாக டெபுடி ஹெட்டாக (துணைத் தலைமையாசிரியராக) இருக்கிறேன். நாங்கள் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். எங்கள் ஹெட் ஓய்வு பெறுவதால் செப்டம்பரிலிருந்து அந்தப் பொறுப்பு எனக்கு. யூதப் பள்ளிகளுக்கான பாஜெஸ் அமைப்பில் தலைமையாசிரியர்கள் கூடும்போது நானும் வர வேண்டும் என்கிறார்கள். கவுன்சிலில் ஒரு ஹெட் குழு இருக்கிறது, யூனியன் வேறு. எல்லாவற்றுக்கும் ஓடினால் பள்ளியை எப்போது பார்ப்பது? இன்னொரு பயமும் இருக்கிறது. யூத ஹெட்கள் நடுவில் உட்கார்ந்து “எனக்கு இது தெரியாது” என்று சொன்னால், மறுநாளே அது பள்ளி நிர்வாகக் குழுவினரான என் கவர்னர்கள் காதுக்குப் போய்விடாதா?
– பெயர் வேண்டாம், ஹாரோ

பதில்: உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் முதல் கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தங்களை யூதர் என்று பதிந்தவர்கள் சுமார் 2,71,000 பேர்தான். அதிலும் பெரும் பங்கு லண்டனிலும் அதைச் சுற்றியும். இவ்வளவு சின்ன சமூகத்தில் உங்கள் கவர்னர் குழுத் தலைவரின் தங்கை இன்னொரு பள்ளியில் ஆசிரியையாக இருப்பார். பக்கத்துப் பள்ளி ஹெட்டும் உங்கள் பள்ளியின் மதகுருவான ரபியும் ஒரே ஜெப ஆலயத்துக்குப் போவார்கள். நம் ஊர்க் கோயில் நிர்வாக சபையைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யாரும் கெட்ட எண்ணத்தோடு பேச மாட்டார்கள், ஆனாலும் பேச்சு நடந்து வந்துவிடும்.

அதனால் என் யோசனை இது. சமய வாழ்க்கையைத் தொட்ட கேள்விகளை யூதப் பள்ளி ஹெட்களிடம் கொண்டு போங்கள். மனிதர்களைத் தொட்டவற்றை, அதாவது கவர்னரோடு உரசல், ஒரு ஆசிரியரை என்ன செய்வது, எனக்கே தூக்கம் வரவில்லை போன்றவற்றை, அந்த வட்டத்துக்கு வெளியே கொண்டு போங்கள். “எங்கள் பள்ளியில் யோம் கிப்பூர் நோன்பு வரும் வாரத்தை எப்படி நடத்துவது என்று தெரியவில்லை” என்று சொல்வதில் எந்தக் கேடும் இல்லை. அது யார் காதுக்குப் போனால் என்ன? கேட்டுத் தெரிந்துகொள்கிற ஹெட் என்று நல்ல பெயர்தான் வரும். சொல்லப்போனால், யூதர் அல்லாத உங்களுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. உங்களிடமிருந்து அந்தக் கேள்வியை எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். சமூகத்திலேயே பிறந்து வளர்ந்த புது ஹெட்டுக்குத்தான் அதைக் கேட்க நா கூசும்.

சரி, டெபுடியாக இத்தனை வருடம் இருந்த உங்களுக்கு இதெல்லாம் தெரியாதா என்று நீங்கள் நினைக்கலாம். வெள்ளிக்கிழமை குளிர்காலத்தில் சீக்கிரம் மூடுவது, கோஷர் (யூத உணவு விதிப்படியான) சாப்பாடு, கோதெஷ் (சமயப்) பாடமும் ஹோல் (பொதுப்) பாடமும் எப்படிப் பிரிந்திருக்கின்றன என்பதெல்லாம் தெரியும்தான். தெரியாதது ஹெட்டின் அறைக் கதவுக்குப் பின்னால் நடந்தவை. யூதப் படிப்புக்கு ஆகும் செலவு முழுவதையும் அரசு தருவதில்லை. அதற்காகப் பெற்றோரிடம் விருப்ப நன்கொடை கேட்டுக் கடிதம் போகிறதே, அதில் இனி உங்கள் கையெழுத்து இருக்கும். கட்டாயப்படுத்தக் கூடாது, ஆனால் பணம் வராவிட்டால் கோதெஷ் ஆசிரியர் சம்பளத்துக்குத் தட்டுப்பாடு வரும். அந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது, கட்டாத குடும்பத்தின் பிள்ளைக்குச் சிறு சங்கடமும் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை, பக்கத்துக் கத்தோலிக்கப் பள்ளி ஹெட்டிடம் கேட்டுப் பயன் இல்லை. பாஜெஸ் மேசையில்தான் கேட்க வேண்டும்.

நாட்காட்டியும் அப்படித்தான். யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவில் தொடங்கி யோம் கிப்பூர், சுக்கோட், சிம்ஹாத் தோரா வரை எல்லாப் பண்டிகையும் 23 நாளுக்குள் வந்து போகும். மற்ற புது ஹெட்களுக்கு முதல் தவணையின் முதல் பாதி பள்ளியைப் பிடிக்குள் கொண்டுவரும் காலம். உங்களுக்கோ ஒரு வாரம் முழுசாகக் கிடைத்தாலே அதிசயம். அப்படியிருந்தும் வருடத்துக்கு 190 நாள் பள்ளி நடந்தாக வேண்டும். கவுன்சில்காரர்கள் புது ஹெட் கூட்டத்தைச் சரியாகப் பண்டிகை நாளில் வைப்பார்கள். வேண்டுமென்று அல்ல, அவர்கள் நாட்காட்டியில் அது இல்லை. ஜூன் மாதமே உங்கள் தேதிகளை அனுப்பிவிடுங்கள்.

அப்புறம் ஆய்வு. அரசின் ஆஃப்ஸ்டெட் ஆய்வாளர்கள் வந்து போனதோடு முடியாது. யூதப் படிப்பைப் பார்க்க, 2005 கல்விச் சட்டத்தின் 48ஆம் பிரிவின்படி பிகுவாஹ் என்ற ஆய்வு தனியாக வரும். கோதெஷுக்குப் பொறுப்பாக ஒரு ரபியோ மூத்த ஆசிரியரோ இருந்தாலும், அறிக்கை வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். சமீபத்தில் அதைக் கடந்து வந்த ஹெட் ஒருவரைக் கண்டுபிடித்து, அவர் பள்ளியில் ஒரு காலைப்பொழுது போய் இருங்கள். பத்துக் கூட்டத்துக்குப் போவதைவிட அது மேல் என்பது என் அபிப்பிராயம்.

ஒரு எச்சரிக்கை. எல்லா யூதப் பள்ளியும் ஒன்றல்ல. யுனைடெட் சினகாக் என்ற ஜெப ஆலய அமைப்பைச் சார்ந்த ஆர்த்தடாக்ஸ் (மரபுவழி) பள்ளிக்குத் தலைமை ரபியின் சொல் முக்கியம். ஜேகாஸ் (JCoSS) உயர்நிலைப் பள்ளி போல 2010இல் எல்லாப் பிரிவுக்கும் பொதுவாகத் திறந்த பள்ளியின் வழக்கம் வேறு. பர்மிங்ஹாமில் உள்ள கிங் டேவிட் தொடக்கப் பள்ளியில் பெரும்பாலான பிள்ளைகள் முஸ்லிம்கள். ஸ்டாம்ஃபோர்ட் ஹில்லின் ஹரேடி (சமயத்தை மிகக் கண்டிப்பாகப் பின்பற்றும்) பள்ளிகள் இன்னொரு உலகம். ஆகவே இன்னொரு ஹெட் சொன்ன பதிலை அப்படியே எடுத்து வந்து நடைமுறைப்படுத்தாதீர்கள். “எங்கள் பள்ளிக்குச் சமய அதிகாரம் யாருடையது?” என்பதை முதல் மாதத்திலேயே தெளிவாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாலியல், உறவுக் கல்வி போன்ற சூடான விஷயத்தில் இது கைகொடுக்கும். 2018இல் தலைமை ரபி எஃப்ரயிம் மிர்விஸ், யூத எல்ஜிபிடி மக்களுக்கான கெஷெட் யூகே அமைப்போடு சேர்ந்து, எல்ஜிபிடி (தற்பாலின, திருநர்) மாணவர்களின் நலன் பற்றி ஆர்த்தடாக்ஸ் பள்ளிகளுக்கு ஒரு வழிகாட்டியே வெளியிட்டார். இப்படி எழுதி வைத்தது ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்ல உள்ளே ஒரு ஆள் வேண்டும். இல்லாவிட்டால் ராத்திரி உட்கார்ந்து நீங்களாகவே ஒன்றை எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

பாதுகாப்பைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை, உங்கள் வாசலில் நிற்கும் காவலரைத் தினமும் பார்க்கிறீர்கள். ஆனால் 2025 அக்டோபரில் மான்செஸ்டர் ஹீட்டன் பார்க் ஜெப ஆலயத்தில் யோம் கிப்பூர் அன்று தாக்குதல் நடந்தது போன்ற ஒரு நாளில், பெற்றோருக்கு என்ன எழுதுவது, மறுநாள் பள்ளியைத் திறப்பதா என்பதைக் கவுன்சில் குழுவில் யாரும் சொல்ல மாட்டார்கள். யூத சமூகப் பாதுகாப்பைக் கவனிக்கும் சிஎஸ்டி ஆட்களோடு செப்டம்பர் முதல் வாரமே உட்கார்ந்து பேசுங்கள். பக்கத்து யூதப் பள்ளி ஹெட்கள் இரண்டு பேரின் கைபேசி எண்ணும் உங்களிடம் இருக்க வேண்டும்.

இனி வெளிவட்டம். தொடக்கப் பள்ளி ஹெட் என்றால் தலைமையாசிரியர் சங்கமான என்ஏஎச்டி-யில் உறுப்பினராக இருங்கள். கவர்னர் குழுவோடு எழுத்தில் ஏதாவது பிரச்சினை வந்தால் முதல் போன் அங்கே. வாலண்டரி எய்டட் (அரசு நிதியில் நடக்கும் சமயப்) பள்ளியில் உங்களுக்குச் சம்பளம் தரும் முதலாளி கவர்னர் குழுதான், கவுன்சில் இல்லை. அதனாலேயே இதை அழுத்திச் சொல்கிறேன். மனம் கனத்தால் எஜுகேஷன் சப்போர்ட் என்ற தொண்டு நிறுவனத்துக்குப் போன் செய்யலாம். பள்ளி ஊழியர் யாருக்கும் இலவசம், ரகசியம் காப்பார்கள். யூதப் பள்ளியோடு சம்பந்தமே இல்லாத அனுபவசாலி ஹெட் ஒருவரையும் மாதம் ஒரு முறை பாருங்கள். கவுன்சில் குழுவுக்குப் போவதன் உண்மையான லாபம் அந்த ஒரு ஆளைக் கண்டுபிடிப்பதுதான். கண்டுபிடித்த பிறகு கூட்டங்களில் பாதியைத் தாராளமாக விட்டுவிடலாம்.

இணையத்தில் தேடினால் அமெரிக்காவில் யூதப் பள்ளிகளுக்கான பிரிஸ்மா அமைப்பின் கட்டுரைகள் கொட்டும். ஐந்து அமைப்புகள் 2016இல் ஒன்றாகச் சேர்ந்து உருவானது அது, எழுத்தும் தரமானது. ஆனால் அங்கே யூதப் பள்ளிகள் தனியார் பள்ளிகள். கட்டணம், நிதி திரட்டல், போர்டு என்றுதான் பேச்சு ஓடும். அரசுப் பணத்தில் நடக்கும் உங்கள் பள்ளிக்கு அதில் பாதி பொருந்தாது. கோடையில் வாசித்தால் போதும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், உங்கள் கடிதத்தில் இல்லாதது. ஷபாத்தில், அதாவது வெள்ளி மாலை முதல் சனி மாலை வரையான யூத ஓய்வு நாளில், யாரும் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள். அதற்கும் சேர்த்து ஞாயிறு காலையில் வாட்ஸ்அப் நிறைந்துவிடும். சனி அமைதியாக இருக்கிறதே என்று நீங்கள் பள்ளி வேலை பார்ப்பீர்கள், ஞாயிறு அவர்களுக்குப் பதில் சொல்வீர்கள். பிறகு உங்களுக்கு ஓய்வு நாளே இருக்காது. கவர்னர் தலைவரோடு இப்போதே பேசி ஞாயிறுக்கு ஒரு நேர எல்லை வையுங்கள். அதே பேச்சில், மாதம் ஒரு முறை பார்க்கும் அந்த வழிகாட்டி ஹெட்டுக்கான செலவையும், மாதம் அரை நாள் வெளியே போகும் அனுமதியையும் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். கோடை விடுமுறைக்கு முன் கேட்டால் ‘நல்ல யோசனை’ என்பார்கள். அக்டோபரில் கேட்டால், என்ன கஷ்டமோ என்று யோசிக்கத் தொடங்குவார்கள்.