முடியை முதலில் வெட்ட விடுங்கள்

வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருபவர் தண்டையார்பேட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற செவிலியர். வடசென்னை அரசு மருத்துவமனை ஒன்றின் அறுவை சிகிச்சை வார்டில் நெடுங்காலம் பணியாற்றியவர்.

கேள்வி: அம்மாவுக்கு வணக்கம். கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். நான் மீன் ஏலம் எடுத்து விற்கிறேன். ஒரே மகள், 17 வயது, பிளஸ் டூ படிக்கிறாள். வயதுக்கு வந்தபோது மண்டபம் பிடித்துச் சடங்கு வைத்தோம். மேடையிலேயே அழுதாள், வெட்கம் என்று நினைத்தோம். இப்போது தான் பெண் இல்லை, ஆண் என்கிறாள். முடியை வெட்ட வேண்டுமாம், வேறு பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டுமாம், 18 முடிந்ததும் ஊசி போட்டுக்கொள்வாளாம். மீன்பிடித் தடைக்காலத்தில் அவர் வீட்டிலேயே இருந்ததால் தினமும் சண்டை. என் கொழுந்தனார், ஒரு டாக்டரிடம் விட்டால் சரிசெய்துவிடுவார் என்கிறார். லண்டனிலேயே இந்த மருந்துக்குத் தடை என்று ஒரு வீடியோவும் அனுப்பினார். எதை நம்புவது? – பெயர் வேண்டாம், காசிமேடு

பதில்: தடைக்காலம் 61 நாள். வலையைச் சரிபார்த்து முடித்துவிட்டால் ஆண்களுக்குக் கரையில் வேறு வேலை இல்லை. வீட்டில் வருடக்கணக்காக நடப்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும், உடனே தீர்ப்பும் சொல்லியாக வேண்டும். உங்கள் கணவரைத் தனியாகக் குறை சொல்லவில்லை, நான் பிறந்து வளர்ந்ததும் அந்தக் கரையில்தான்.

உங்கள் பிள்ளை கேட்பது மூன்று: முடி, பெயர், ஊசி. ஊசிக்குப் பயந்து முடியையும் பெயரையும் சேர்த்து மறுக்கிறீர்கள். முடி வெட்டினால் வளரும். பெயர் பிடிக்கவில்லை என்றால் பழைய பெயருக்கே திரும்பலாம். இரண்டுக்கும் டாக்டர் சீட்டு வேண்டாம். முதலில் முடியை வெட்ட விடுங்கள், அம்மா. பிள்ளை வீட்டுக்குள் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கிப் பரீட்சை எழுதட்டும். ஊசியைப் பற்றி நிதானமாகப் பேச அப்போதுதான் இடம் கிடைக்கும். எதையும் தராத வீட்டிலிருந்துதான் பிள்ளைகள் 18 வயது முடிந்த மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார்கள். அப்படிக் கிளம்பியவர்களைத்தான் பிறகு என் வார்டில் பார்த்தேன்.

கொழுந்தனார் அனுப்பிய வீடியோவில் உண்மை இருக்கிறது, ஆனால் அது உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. இங்கிலாந்தில் டாக்டர் ஹிலாரி காஸ் என்ற குழந்தை மருத்துவர் 2024 ஏப்ரலில் ஓர் அறிக்கை கொடுத்தார். பருவமடைதலைத் தள்ளிப்போடும் மருந்துகளைச் சிறுவர்களுக்குக் கொடுப்பதற்கு ஆதாரம் பலவீனமாக இருக்கிறது, நிதானம் வேண்டும் என்பது அதன் சாரம். அந்த ஆண்டு டிசம்பரில் அரசு, 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு பாலின அடையாளம் காரணமாகப் புதிதாக அந்த மருந்தைத் தொடங்குவதற்குக் காலவரையறையின்றித் தடை போட்டது. ஸ்வீடனும் பின்லாந்தும் அதற்கு முன்பே பிடியை இறுக்கிவிட்டன. மறுபக்கம், அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் பெரிய சங்கம் இந்தச் சிகிச்சை வேண்டும் என்ற நிலைப்பாட்டை 2023-ல் மறுபடி உறுதி செய்தது. படித்தவர்களே இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். என்னைக் கேட்டால், சிறு பிள்ளைகளின் விஷயத்தில் இங்கிலாந்துக்காரர்களின் தயக்கம் நியாயம் என்பேன். எலும்பு உறுதியாகும் வயதில் அதைத் தொடும் மருந்து அது. ஆனால் உங்கள் பிள்ளைக்குச் சடங்கே முடிந்துவிட்டது. தள்ளிப்போடுவதற்கு அங்கே பருவம் ஏதும் பாக்கி இல்லை.

உங்கள் பிள்ளையைப் போன்றவர்கள் போட்டுக்கொள்வது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி, அது வேறு மருந்து. சில மாதங்களில் குரல் உடையும், மீசை தாடி வரும், மாதவிலக்கு நிற்கும். ஊசியை நிறுத்தினால் மாதவிலக்கு பெரும்பாலும் திரும்பும், உடைந்த குரல் திரும்பாது. இரத்தம் தடிக்கும் என்பதால் அவ்வப்போது பரிசோதனை வேண்டும். பின்னால் குழந்தை பெறும் ஆசை இருந்தால் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் பேச வேண்டும். இவ்வளவையும் பிள்ளையை எதிரில் உட்காரவைத்து, மிரட்டாமல் சொல்லுங்கள். 18 ஆகட்டும். மனநல மருத்துவரும் ஹார்மோன் மருத்துவரும் பார்க்கட்டும். மனநல மருத்துவர் எதற்கு என்றால், தூக்கம் வருகிறதா, செத்துப்போகலாம் என்ற எண்ணம் இருக்கிறதா, பரீட்சை பயமும் இதில் கலந்திருக்கிறதா என்று பிரித்துப் பார்ப்பதற்கு. பிள்ளையைப் பெண்ணாக மாற்றித் தருவதற்கு அல்ல. உலக சுகாதார நிறுவனம் தன் புதிய நோய்ப் பட்டியலில் இதை மனநோய்ப் பகுதியிலிருந்தே எடுத்துவிட்டது. 2022 முதல் அந்தப் பட்டியல் நடைமுறையில் இருக்கிறது.

'சரிசெய்யும்' டாக்டரிடம் மட்டும் விடாதீர்கள். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அப்படிப்பட்ட மாற்று முயற்சிகளுக்குத் தடை விதித்தார். அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையமும் அது தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. கொழுந்தனாருக்கு இதை ஒரு வீடியோவாக எடுத்து அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: நான் திருநங்கை, வயது 24. தோழிகள் சொல்லி மருந்துக் கடையில் கருத்தடை மாத்திரை வாங்கித் தினமும் சாப்பிடுகிறேன். மார்பு வளர்ந்திருக்கிறது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு வாரமாக இடது கெண்டைக்கால் வீங்கி வலிக்கிறது. வெளியூரில் ஒரு சின்ன கிளினிக்கில் ஒரே நாளில் ஆபரேஷன் செய்து அனுப்புகிறார்களாம், பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். போகலாமா? – எம்., வியாசர்பாடி

பதில்: இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே உங்களுக்குத் தொலைபேசியில் பேசிவிட்டேன். மற்றவர்களும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அது இரத்தக்கட்டியாக இருக்கலாம். அது நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் ஆள் போய்விடுவார். அன்றைக்கே ஸ்டான்லி அரசு மருத்துவமனை அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும், மாத்திரை சாப்பிடுவதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கருத்தடை மாத்திரையில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன், உடம்பில் ஊறும் ஈஸ்ட்ரோஜன் அல்ல. செயற்கை வகை, இரத்தக்கட்டி உண்டாக்கும் அபாயம் கூடுதல். சிகரெட்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். முறையாகச் சிகிச்சை தருகிற மருத்துவர் வேறு வகையைக் கொடுப்பார், அளவையும் இரத்தத்தைப் பார்த்துத்தான் கூட்டுவார். இரண்டு அட்டை சாப்பிட்டால் இரண்டு மடங்கு சீக்கிரம் பெண்ணாகலாம் என்று யாரோ கிளப்பிவிட்ட கணக்கு இந்த வட்டாரத்தில் இன்னும் ஓடுகிறது. ஒரு முறை உடைந்த குரலை ஈஸ்ட்ரோஜன் எவ்வளவு சாப்பிட்டாலும் மெலிதாக்காது. அதற்குப் பேச்சுப் பயிற்சி இருக்கிறது.

ஆபரேஷனைப் பற்றி. தொண்ணூறுகளில் இரவுப் பணியில் இருக்கும்போது, ஆட்டோவில் சேலைக்குள் பழைய துணியை அடைத்துக்கொண்டு, இரத்தம் சொட்ட வருவார்கள். தாயம்மா என்று அழைக்கப்படும் மூத்த திருநங்கை கையால் நிர்வாணம், அதாவது ஆணுறுப்பை அறுத்தெடுக்கும் சடங்கு, செய்துகொண்டவர்கள். சிறுநீர்த் துளை மூடிவிடாமல் இருக்க ஒரு வேப்பங்குச்சியைச் செருகியிருப்பார்கள். அதையும் மீறி மூடிக்கொண்டு, வயிறு பானையாக உப்பி, மூத்திரம் இறங்காமல் துடிப்பார்கள். டியூப் போட்டால் அரை வாளி வரும். ஆண் வார்டு சேர்க்காது, பெண் வார்டும் சேர்க்காது, வராந்தாவில் ஸ்டிரெச்சரிலேயே விடிந்துவிடும். பதிவேட்டில் உறவினர் பெயர் கேட்டால் தங்களைச் சேர்த்துக்கொண்ட மூத்த திருநங்கையான குருவின் பெயரைச் சொல்வார்கள். நாற்பதாம் நாள் பால் ஊற்றும் சடங்குக்குள் புண் ஆறிவிடுமா என்பதுதான் அவர்களின் ஒரே கவலை. பெற்றவர்கள் யாரும் வந்து நான் பார்த்ததில்லை.

நீங்கள் சொல்லும் ஒருநாள் கிளினிக்கும் எனக்கு அந்த வராந்தாவைத்தான் நினைவூட்டுகிறது, விளக்கு வெளிச்சம் மட்டும் கூடுதல். விரையை எடுத்துவிட்டு மறுநாள் பஸ் ஏற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு உடம்பில் ஆண் ஹார்மோனும் இல்லை, பெண் ஹார்மோனும் இல்லை என்ற நிலையில் எலும்பு சில ஆண்டுகளில் பலமிழந்து போகும் என்று யார் சொல்வார்கள்? தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இந்த அறுவை சிகிச்சையை இலவசமாகவே செய்கிறார்கள். ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்குப் போங்கள். வியாசர்பாடி ஜீவாவில் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரல், இறங்கினால் எதிரே மருத்துவமனை. நடை அதிகம், காத்திருப்பும் அதிகம், அலுப்பாகத்தான் இருக்கும். சேர்த்த பணத்தை ஆபரேஷனுக்குப் பிறகு ஓய்வெடுக்கும் மாதங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள், கடை கடையாகக் காசு கேட்கப் போக முடியாதல்லவா.

கேள்வி: குரோமோசோம் மாறுமா? அரசாங்கம் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் ஆண் பெண்ணாகிவிடுவானா? மருத்துவத் துறையில் இருந்த நீங்களே திருநங்கையைப் பெண் என்று எழுதலாமா? – ஆர்.கே., ஐ.சி.எஃப். ஓய்வு, பெரம்பூர்

பதில்: மாறாது, ஐயா. எந்த ஊசியாலும் எந்தக் கத்தியாலும் குரோமோசோம் மாறாது. மருத்துவமனைக்குள் அதை மறைக்கவும் கூடாது. ஆபரேஷன் செய்துகொண்ட திருநங்கைக்கும் புராஸ்டேட் சுரப்பி உள்ளேயே இருக்கிறது, வயதானால் அவருக்கும் அதில் நோய் வரலாம். பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழும் திருநம்பிக்கு, கருப்பை எடுக்காதவரை, கருப்பைவாய்ப் பரிசோதனை அவசியம். தாடி வைத்திருக்கிறாரே என்று விட்டுவிட்டால் புற்றுநோய் விடாது. அந்த அளவில் உங்கள் கட்சிதான் நானும்.

ஆனால் ரேஷன் கடையில் அரிசி போடுகிறவருக்குக் குரோமோசோம் எதற்கு? பஸ் கண்டக்டருக்கு எதற்கு? நீங்களும் உங்கள் குரோமோசோமைச் சோதித்துப் பார்த்துவிட்டு வேட்டி கட்டவில்லை. பதினாறு வயதாகியும் மாதவிலக்கு வரவில்லை என்று தாயோடு வந்து, பரிசோதனையில் எக்ஸ்-ஒய், அதாவது ஆணுக்குரிய குரோமோசோம், என்று தெரிந்த பெண் பிள்ளைகள் உண்டு. உடம்பு ஆண் ஹார்மோனை ஏற்காததால் பெண்ணாகவே வளர்ந்தவர்கள். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு அவர்களைத் தம்பி என்று கூப்பிடுவீர்களா?

சட்டமும் ஊருக்கு ஊர் வேறு. 1970-ல் ஓர் ஆங்கில நீதிமன்றம் திருமண வழக்கு ஒன்றில் பிறந்த உடம்புதான் அளவுகோல் என்றது. நம் உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 தீர்ப்பில் அந்த அளவுகோலை ஏற்காமல் மனம் உணர்வதை முன்னால் வைத்தது, அறுவை சிகிச்சை செய்தால்தான் ஏற்போம் என்பது கூடாது என்றது. 2019-ல் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டத்தில் மணமகள் என்பதில் திருநங்கையும் அடக்கம் என்று எழுதினார். பிரிட்டன் உச்ச நீதிமன்றமோ 2025 ஏப்ரலில், தன் சமத்துவச் சட்டத்தில் பெண் என்றால் பிறப்பால் பெண் என்று தீர்த்தது. கூடவே, திருநர்களுக்குப் பாகுபாட்டிலிருந்து உள்ள பாதுகாப்பு அப்படியே இருக்கிறது என்றும் சொன்னது. அந்த இரண்டாவது வரியை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்ப மாட்டார்கள்.

கேள்வி: பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித் தருகிறேன். ஒரு திருநங்கை வந்து சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார். மற்ற பிள்ளைகளுக்கு இது நியாயமா? – எஸ்., வியாசர்பாடி

பதில்: எந்த ஆட்டம் என்பதைப் பொறுத்தது, தம்பி. ஆணாகப் பருவமடைந்த உடம்புக்கு உயரம், எலும்பு, தசை எல்லாம் கூடி வந்திருக்கும். பிறகு ஹார்மோனைக் குறைத்தாலும் முழுதாக இறங்காது. அதனால்தான் உலகத் தடகள அமைப்பு 2023 மார்ச்சில் அப்படிப்பட்டவர்களைப் பெண்கள் பிரிவில் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காவல் துறை வேலையும் கல்லூரி இடமும் கிடைக்கிற மாநிலப் போட்டியில் உடம்பைப் பார்த்துப் பிரிப்பதுதான் நியாயம் என்பது என் கருத்து. என் திருநங்கைத் தோழிகள் சிலர் இதற்காக என்னோடு பேசாமல் இருந்திருக்கிறார்கள். மாலைப் பயிற்சிக்கு அந்த நியாயம் எதற்கு? சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பின்வரிசைப் பெண்களுக்கு வேகமான ஆளைத் தடுத்துப் பழக ஒரு வாய்ப்பு.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் திருநங்கை அல்ல, பெண்ணாகவே பிறந்து வளர்ந்தவர். ஓடிய கால்களுக்குக் கிடைத்த பரிசு, ஊர் முழுக்கத் தன் உடம்பைப் பற்றிப் பேசக் கேட்டது. 2025 செப்டம்பர் முதல் உலகத் தடகளத்தில் பெண்கள் பிரிவுக்கு ஒரு மரபணுச் சோதனை கட்டாயம். சோதனை வரட்டும், முடிவு டாக்டருக்கும் அந்தப் பெண்ணுக்கும் இடையில் நிற்கட்டும். மைதானத்தில் யாராவது எதிரணிப் பிள்ளையைப் பார்த்து "இது பொண்ணுதானா?" என்று கத்தினால், அந்தப் பெற்றோரை முதலில் வெளியே அனுப்புங்கள்.

கேள்வி: மாடி வீட்டைத் திருநங்கை ஒருவர் வாடகைக்குக் கேட்கிறார். தனியார் நிறுவனத்தில் வேலை. ஆபரேஷன் ஆனவரா என்று கேட்கலாமா? – வீட்டுக்காரர், புதுவண்ணாரப்பேட்டை

பதில்: இதுவரை மாடியில் குடியிருந்தவர்களிடம் என்னென்ன ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்று கேட்டுத்தான் சாவி கொடுத்தீர்களா? சம்பள ரசீதைக் கேளுங்கள், அட்வான்ஸை எல்லாரிடமும் வாங்கும் அளவே வாங்குங்கள். மாடிக்குத் தண்ணீர் ஏறுகிறதா என்று அவரும் கேட்பார், மோட்டாரைச் சரிபார்த்து வையுங்கள்.