கோத்தகிரி கடுகில் எண்ணெயைத் தீர்மானிப்பது மரபணுவா, குளிரா?

கோத்தகிரித் தோட்டத்தில் விளைந்த கடுகு சமவெளிக் கடுகைவிட எண்ணெய்ப் பசையாக இருக்கிறதே, காரணம் மரபணுவா, குளிரா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் பங்கு உண்டு.

முற்றாத காயைப் பிளந்து ஒரு விதையை நகத்தால் நசுக்கிப் பாருங்கள். உள்ளே பச்சையாக மடிந்திருக்கும் இரண்டு விதையிலைகள்தான் எண்ணெய்க் கிடங்கு. இலையும் காய்த்தோலும் தயாரித்த சர்க்கரை அங்கே வந்து சேர்கிறது. அதைக் கொழுப்பு அமிலமாக்கும் நொதிகளின் மரபணுக்களை மொத்தமாக முடுக்கிவிடுவது ‘ரிங்கிள்டு 1’ என்ற மரபணு. கடுகுக் குடும்பத்துச் சிறு செடியான அராபிடாப்சிஸில் இது பழுதானால் எண்ணெய் சுமார் 80 சதவீதம் குறைந்து, விதையே சுருங்கிப்போகிறது. என்னைக் கேட்டால் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான்.

அப்புறம் டி.ஜி.ஏ.டி. 1 என்ற மரபணு. ஓர் எண்ணெய் மூலக்கூறில் மூன்று கொழுப்பு அமிலங்கள் இருக்கும்; மூன்றாவதைச் சேர்த்து அதை முடிப்பது இதன் நொதி. எண்ணெயின் தன்மை வேறு விஷயம்: கடுகு எண்ணெயில் உள்ள எரூசிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் எவ்வளவு என்பதை எஃப்.ஏ.இ. 1 என்ற மரபணு முடிவு செய்கிறது.

சரி, குளிர்? விதை நிரம்பும் நாட்களில் வெப்பம் ஏறினால் கடுகினச் செடிகளில் எண்ணெய் குறையும். மலையில் விதை மெதுவாக முற்றுவதால் நிரம்ப அவகாசம் கிடைக்கிறது. தழைச்சத்து மிகுந்தாலும் புரதம் கூடி எண்ணெய் குறையும். அதனால் ஒரே விதையை, ஒரே மண்ணும் உரமும் இட்ட தொட்டிகளில் கோத்தகிரியிலும் மேட்டுப்பாளையத்திலும் வளர்த்து, நன்றாகக் காயவைத்து, சம எடைக்கு எண்ணெய் எடுத்து ஒப்பிடுங்கள். அப்போது தெரியும் வித்தியாசம் பெரும்பாலும் தட்பவெப்பத்தால் வந்தது.