வடக்கன்குளத்து இரட்டைக் கூடம்

கேள்வி: கத்தோலிக்கப் புனிதரான தேவசகாயம் பிள்ளை ஞானஸ்நானம் பெற்ற ஊர் என்பதால் நெல்லை மாவட்டத்து வடக்கன்குளம் சென்றிருந்தோம். அங்குள்ள பழைய பங்குக் கோயில், ஒரே பீடத்தை நோக்கி இரண்டு கூடங்கள் வந்து சேரும்படி கட்டப்பட்டது என்றார்கள். ஏன் அப்படி? (ஒரு வாசகி, நாகர்கோவில்)

பதில்: காரணம் சாதிதான்; கட்டடக் கலையில் விடை தேட வேண்டியதில்லை. 1872இல் இயேசு சபை என்னும் கத்தோலிக்கத் துறவற சபையினர் எழுப்பிய அந்தக் கோயிலில், பிள்ளை, முதலி எனப்பட்ட வெள்ளாளர்களுக்கு ஒரு கூடமும், நாடார் முதலிய பிறருக்கு மற்றொரு கூடமும், இரண்டுக்கும் நடுவே தடுப்பும் இருந்தன. ஒரே குருவானவர், ஒரே பூசை, ஒரே நற்கருணை. ஆனால் ஒருவர் முழந்தாளிடும் இடத்தில் மற்றவர் கால் வைக்க முடியாது. கால்சட்டையின் இரு கால்களைப்போல விரிந்த அந்த அமைப்பைச் சிலர் வேடிக்கையாகப் பேசுவதுண்டு. எனக்கோ அதில் சிரிக்க எதுவும் தென்படவில்லை.

பங்குக் கோயில் என்பது ஞாயிறு தோறும் பூசை காண்பதற்கு மட்டும் உரிய இடமன்று. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம், திருவிழா, சப்பரம் என ஊரார் கூடும் காரியங்கள் அனைத்தும் அதைச் சுற்றியே நடந்ததால், அங்கே யார் எங்கே நிற்பது என்பதே ஊரில் யாருக்கு என்ன மதிப்பு என்பதற்கு எல்லாரும் காணும் அடையாளமாக இருந்தது. தடுப்புக்காக அவ்வளவு பிடிவாதம் பிடித்ததன் உட்பொருள் இதுதான். சாதி வேறுபாட்டைச் சமய விரோதமாகக் கருதாமல் உலக வழக்கமாக எண்ணி, மனமாற்றம் மெல்ல வரட்டும் என்று விட்டுக்கொடுத்த குருக்களுக்கும் இதில் பங்குண்டு.

1910இல் குருக்களே அந்தத் தடுப்பை இடித்தார்கள். வெள்ளாளர் தரப்பினர் நீதிமன்றம் சென்றனர். கோயில் தங்களுக்கே உரியது என்றும், நாடார்கள் தங்கள் பகுதிக்குள் வரக்கூடாது என்றும் அவர்கள் தொடுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. நெடுநாள் வழக்கம் என்பதை உரிமை என்று நிலைநாட்ட அவர்களால் இயலவில்லை.

நாட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனையில் பணியாற்றிய நீலகண்ட பிள்ளை, டச்சுத் தளபதி டிலனாயின் வழியாகக் கிறிஸ்தவத்தை அறிந்து, 1745 மே 14 அன்று இதே வடக்கன்குளத்தில்தான் தேவசகாயம் ஆனார். சாதி பாராமல் எல்லாரும் சமம் என்று போதித்தவர் அவர். அவர் ஞானஸ்நானம் பெற்ற ஊரிலேயே 127 ஆண்டுகள் கழித்து இரட்டைக் கூடம் எழுந்தது என்பதை, அடுத்த முறை செல்லும்போது நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் வழங்கியபோது 'பிள்ளை' என்ற பட்டப்பெயர் காணப்படவில்லையே? (அதே வாசகி)

பதில்: அது சாதிப் பெயர் என்ற ஆட்சேபம் எழுந்ததால், வத்திக்கான் அதை முன்னரே நீக்கிவிட்டது. 2022 மே 15 அன்று ரோமில் அவர் வெறும் தேவசகாயமாகவே புனிதரானார். உங்கள் கேள்வியிலும் என் பதிலிலும் 'பிள்ளை' வந்துவிட்டது, பாருங்கள்.