மூளை அலைத் தரவு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (கீழக்கரை, கணினி அறிவியல் மாணவி): நியூரோஇன்ஃபர்மேடிக்ஸ் (மூளைத் தரவைக் கணினியில் ஆராயும் துறை) படிக்க ஆசை. கையில் மூளை அலைகளைப் பதியும் இ.இ.ஜி. கருவி இல்லை, 4 ஜிபி ராம் லேப்டாப்தான். எங்கிருந்து தொடங்க?

பதில்: கருவி இல்லாமலே தொடங்கலாம். மருத்துவத் தரவு இணையதளமான பிசியோநெட்டில் 109 பேரின் பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன: 64 சானல் (தலையில் வைத்த ஒவ்வோர் எலக்ட்ரோடின் பதிவும் ஒரு சானல்), நொடிக்கு 160 சாம்பிள் (அளவீடு). ஒருவருடைய முதல் இரண்டு ஃபைல்கள் போதும். முதலாவது கண் திறந்து ஒரு நிமிடம், அடுத்தது கண் மூடி ஒரு நிமிடம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்றேகால் எம்பி. மொபைல் டேட்டாவிலேயே இறக்கிவிடலாம்.

பைத்தானில் இ.இ.ஜி. தரவை ஆராய உதவும் எம்என்இ நூலகத்தை நிறுவி இரண்டையும் திறந்து, பின்மண்டையில் இருக்கும் ஓ1, ஓ2 சானல்களின் பவர் ஸ்பெக்ட்ரத்தை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலு என்று காட்டும் கோட்டை) ஒரே படத்தில் வரையுங்கள். கண் மூடிய பதிவில் 10 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கூம்பு எழும். அதுதான் ஆல்ஃபா. ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1929-ல் உலகுக்குச் சொன்ன அதே அலை! சிலருக்கு அது சிறிதாக இருக்கும். அப்போது வேறொருவரின் ஃபைலை எடுத்துப் பாருங்கள். இதைக் கண்ணால் பார்க்கும் முன் டீப் லேர்னிங் பக்கம் போக வேண்டாம்.

கேள்வி (மண்டபம்): அதே ஃபைலில் ஓ1 கேட்டால், அப்படி ஒரு சானலே இல்லை என்று எரர் வருகிறதே?

பதில்: பெயருக்குப் பின்னால் புள்ளிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எம்என்இ-யில் இந்தத் தொகுப்புக்கென்றே உள்ள ‘ஸ்டாண்டர்டைஸ்’ கட்டளையை முதலில் ஓட்டினால் பெயர்கள் சரியாகிவிடும். எலக்ட்ரோடு இடங்களை அதன் பிறகு பொருத்துங்கள்.

கேள்வி (தொண்டி, ஆய்வு மாணவர்): நாங்களே எடுத்த பதிவில் கோடுகள் மெல்ல ஏறி இறங்குகின்றன. 50 ஹெர்ட்ஸில் ஈட்டி போல ஒரு முனையும் நிற்கிறது.

பதில்: முதலாவது, வியர்வை. கடலோரப் புழுக்கத்தில் இது தப்பாமல் வரும். வியர்வையின் உப்பு எலக்ட்ரோடின் மின்னழுத்தத்தை மாற்றுவதால் 0.5 ஹெர்ட்ஸுக்குக் கீழே கோடு அலைகிறது. ஆளைக் கால் மணி நேரம் குளிர்ந்த அறையில் உட்காரவைத்து, தலையைத் துடைத்த பிறகே ஜெல் வையுங்கள். ஃபேன் காற்று ஒயர்களை ஆட்டினாலும் இதே மாதிரி தெரியும். ஒயர்களைச் சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

1 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் அலைச்சலை எடுத்துவிடும். ஆனால் பி300 (ஒரு தூண்டலுக்குச் சுமார் 300 மில்லிநொடி கழித்து மூளை தரும் பதில்) போன்ற மெதுவான அலைகளையும் சிதைக்கும்; அவற்றுக்கு 0.1 போதும். ஜெல்லும் வியர்வையும் வழிந்து பக்கத்துப் பக்கத்து எலக்ட்ரோடுகள் ஒட்டிக்கொண்டால் எந்த ஃபில்டராலும் மீட்க முடியாது. இரண்டு சானல்கள் அச்சு அசலாக ஒன்றுபோல் ஓடினால் சந்தேகப்படுங்கள்.

அந்த ஈட்டி, நம் வீட்டு மின்சாரம். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள், கிரவுண்டு எலக்ட்ரோடின் தடையை 5 கிலோ ஓமுக்குக் கீழே கொண்டுவாருங்கள். மீதிக்கு, அந்த ஒரு அதிர்வெண்ணை மட்டும் நீக்கும் நாட்ச் ஃபில்டர். மேலே சொன்ன பிசியோநெட் பதிவுகள் அமெரிக்காவில் எடுத்தவை. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அந்தப் பதிவுகளுக்கு நாட்ச் ஃபில்டரில் நம் 50-ஐப் போட்டால் மின்சார இரைச்சல் அப்படியே இருக்கும்.

கேள்வி (ராமநாதபுரம், இ.இ.ஜி. டெக்னீஷியன்): ஃபைல் பெயரை மாற்றிவிட்டு நோயாளியின் இடிஎஃப் (இ.இ.ஜி. பதிவைச் சேமிக்கும் ஃபைல் வடிவம்) பதிவை மாணவர்களுக்குக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. அந்த ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள்: முதல் வரியிலேயே நோயாளியின் பெயர் நிற்கும். இடிஎஃப் தலைப்பில் அதற்கென்று 80 எழுத்து இடம் இருக்கிறது; பதிவு எடுத்த தேதியும் அங்கேயே இருக்கும். நோயாளியின் சம்மதமும் மருத்துவமனையின் அனுமதியும் முதலில் வேண்டும். பிறகு எம்என்இ-யின் ‘அனோனிமைஸ்’ கட்டளையை ஓட்டி, புது ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து, அதையும் நோட்பேடில் திறந்து சரிபாருங்கள். இடையிடையே நீங்கள் தட்டிய குறிப்புகளிலும் பெயர் இருக்கலாம், அவற்றையும் ஒவ்வொன்றாகப் படியுங்கள்.